உள்ளேயிருந்து வரும் போன்: தர்மபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் தம்பி ஒரு வழக்கில் விசாரணைக் கைதியாகச் சேலம் மத்தியச் சிறையில் 14 மாதம் இருந்தான். எங்கள் வீடு பாலக்கோடு பக்கம். அப்பா இல்லை. கோர்ட்டு, வக்கீல், ஜெயில் என்று அலைந்தது நான்தான். அலைந்ததில் சட்டம் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டது, அவன் பேசும் ஒரு போனை எப்படியாவது அம்மா காது வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது. இப்போது சுற்றுப்பக்கத்தில் யார் வீட்டிலாவது ஒருத்தர் உள்ளே போனால் என்னைத் தேடி வருகிறார்கள். திரும்பத் திரும்ப அவர்கள் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நேற்று ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. யாரைக் கேட்பது?

முதலில் ஸ்டேஷன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவுப்படி, ஒருவரைக் கைது செய்தால் அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ கைதான விவரத்தையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் போலீஸ் உடனே தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் அதில் சேராது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் விவரம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே உள்ளூர் ஸ்டேஷனில் கைவிரித்தால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். குற்ற எண், எந்தக் கோர்ட்டில் ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு), எந்தச் சிறைக்கு அனுப்பினார்கள், இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த ஜன்னலில் நின்றாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் அழுதோமே தவிர குற்ற எண்ணை யாரும் கேட்டு வைக்கவில்லை. மூன்றாம் நாள் அதற்காகவே ஒரு பகல் முழுக்க அலைந்தேன்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். சட்ட உதவிக்கான இலவச எண் அது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேரிலும் போகலாம்.

சிறைக்கு நாமே போன் போட்டு, "அவரைக் கூப்பிடுங்கள்" என்று கேட்கலாமா?

முடியாது. அழைப்பு உள்ளேயிருந்துதான் வரும். முன்பே ஒப்புதல் வாங்கிய எண்ணுக்கு மட்டும்தான் வரும். சிறை அலுவலகத்துக்குப் போன் செய்து இன்றைக்கு மனு பார்க்கலாமா, ஆள் அங்கேதான் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

(எங்கள் பக்கத்தில் சிறைக்குப் போய்ப் பார்ப்பதை "மனு பார்க்கிறது" என்போம். அலுவலகத்தில் "நேர்காணல்" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.)

மாதத்துக்கு எத்தனை தடவை பேசலாம்? எவ்வளவு நேரம்?

தமிழ்நாட்டுச் சிறைகளில் இந்த வசதியை 2023-ல் கூட்டினார்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, மாதத்துக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் 12 நிமிடம். வீடியோ அழைப்பும் இதில் சேர்ந்தது. இது கைதி பேசக்கூடிய உச்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 முறையையும் அம்மா, மனைவி, வக்கீல் என்று அவர்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று மாமியாரும் மருமகளும் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். முதல் மனுவிலேயே யாருக்கு எந்தக் கிழமை என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

ஆள் உள்ளூர்க் கிளைச்சிறையில் இருந்தால் மத்தியச் சிறையில் உள்ள அத்தனை வசதியும் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் நாளே "இங்கே போன் உண்டா, எந்த நேரம்" என்று கேட்டுவிடுங்கள். வேறு மாநிலச் சிறை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அவரவர் விதி வேறு.

நம்பரைப் பதிவு செய்வது எப்படி?

விண்ணப்பம் கொடுக்க வேண்டியவர் உள்ளே இருப்பவர். யார் யாரிடம் பேச வேண்டும், என்ன உறவு, என்ன எண் என்று எழுதிக் கொடுப்பார். அதிகாரிகள் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் பேச விடுவார்கள்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கைதான அன்றே அவர் செல்போன் போலீசிடம் போய்விடும். நம்மில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடமாகத் தெரியும்? என் தம்பிக்கு அம்மா நம்பர் தெரியாது. போனில் "அம்மா" என்று பெயரைத் தொட்டுப் பழகியவன். உள்ளே போய்ப் பதினொரு நாள், கடைசி நான்கு இலக்கம் ஞாபகம் வராமல் தவித்திருக்கிறான். முதல் மனு பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்ட முதல் வார்த்தையே, "அக்கா, அம்மா நம்பர் சொல்லு" என்பதுதான். பேனா கொண்டுபோக விடவில்லை. ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல அவன் திரும்பச் சொன்னான். பத்து இலக்கத்தையும் நான்கு தடவை சொல்ல வைத்தேன்.

ஆகவே முதல் மனுவுக்கு முன்பே வக்கீல் அவரைப் பார்க்கப் போனால், அவரிடம் ஒரு தாளில் எண்களை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ரிமாண்டுக்குக் கோர்ட்டில் நிறுத்தும்போது கண்ணில் பட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்: எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஆதார், உறவைக் காட்ட ரேஷன் கார்டு, எண் அவருடையதுதான் என்று காட்ட ஏதாவது ஒரு ரசீதோ சான்றோ. ஒரிஜினலோடு நகலும் இரண்டு செட். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி பெயர் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். தலைப்பெழுத்து மாறியிருந்தால்கூட ஜன்னலில் கேள்வி வரும். அங்கே நின்று கோபப்பட்டுப் பயனில்லை, நல அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குடும்பத்தோடு தொடர்பு, வீட்டுப் பிரச்சினை இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே உள்ள பதவி அது.

சிம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் வாங்கியது. பரவாயில்லையா?

சரிபார்க்கும்போது சிக்கல் வரும். சிம் கம்பெனிக் கடைக்கு அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆதாரில் ஒரு புது சிம் வாங்கி அதையே கொடுங்கள். புது எண் வாங்குவது சுலபம், அதை அவர் மனப்பாடம் செய்வதுதான் பாடு.

நம்பர் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. போன் வரவே இல்லையே?

உள்ளேயே ஒப்புதல் தாமதமாகியிருக்கலாம். ஆனால் நான் பார்த்த வரை பாதிக்கு மேல் கோளாறு நம் கையில் இருக்கும் போனில்தான். வரிசையாகப் பாருங்கள்.

ரீசார்ஜ். வேலிடிட்டி முடிந்து சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். தக்காளி விலை விழுந்த மாதம் நாங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டோம். அந்த வாரம் இரண்டு தடவை போட்டிருக்கிறான். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அரிசி வாங்குகிற மாதிரி ரீசார்ஜையும் மாதச் செலவில் எழுதிவையுங்கள்.

தெரியாத எண். சிறையிலிருந்து வரும் அழைப்பு உங்கள் போனுக்குத் தெரியாத எண்தான். தெரியாத எண்ணைச் சத்தமில்லாமல் ஒதுக்கும் செட்டிங்கை அணையுங்கள். யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் ஆப் போட்டிருந்தால் அது ஸ்பேம் என்று தடுத்திருக்கிறதா பாருங்கள். முதல் அழைப்பு வந்ததும் அந்த எண்ணைச் சேமித்து, தனி ரிங்டோன் வையுங்கள்.

சிக்னல். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்குள் ஒரு கோடுகூட வராது. எங்கள் வீட்டில் ஜன்னல் திண்டில் மட்டும்தான் எடுக்கும். அம்மா அங்கே ஒரு எவர்சில்வர் சொம்பை வைத்து, அதற்குள் போனை நிறுத்தி வைப்பாள். சொம்புக்குள் மணி அடித்தால் கொல்லைப்புறம் வரை கணீரென்று கேட்கும். களைவெட்டப் போகும் நாளில் பாலிதீன் பையில் சுற்றிச் சுருக்குப்பையில் இடுப்பிலேயே கட்டிக்கொள்வாள். சிக்னலே இல்லாத ஊர் என்றால், டவுனில் இருக்கும் அண்ணன், தங்கை யாராவது ஒருவரின் எண்ணையும் கூடச் சேர்த்துக் கொடுங்கள். நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொண்டு அம்மாவை அங்கே கூட்டிப் போய் உட்கார வைக்கலாம்.

நேரம். அழைப்பு பெரும்பாலும் பகலில் வரும், நூறு நாள் வேலையில் இருக்கும் நேரம், சிப்காட்டில் ஷிஃப்டில் இருக்கும் நேரம். பாக்டரி உள்ளே போன் அனுமதி இல்லாதவருடைய எண்ணைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டில் பகலில் போன் யார் கையில் இருக்குமோ அவர் எண்ணைக் கொடுங்கள்.

போன் தொலைந்துபோனால் அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். புது எண் எடுத்தால் ஒப்புதலை முதலிலிருந்து வாங்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் மனு பார்க்கப் போய் அவரிடமே கேளுங்கள். ஒழுங்கு மீறல் என்று அழைப்பை நிறுத்தி வைத்திருக்கலாம். தடுப்புக் காவல், பயங்கரவாதம் போன்ற வழக்குகளில் கட்டுப்பாடு கூடுதலாக இருக்கும்.

பேசுவதற்குக் காசு யார் கட்டுவது?

மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு, கட்டணம் செலுத்திப் பேசும் வசதி என்றுதான் இதைச் சொல்கிறது. அவர் கணக்கில் கொஞ்சம் பணம் இருப்பது எப்போதும் நல்லது, கேன்டீனுக்கும் ஆகும். பணத்தைச் சிறை அலுவலகம் சொல்லும் முறையில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். வாசலில் நின்று "நான் உள்ளே சேர்த்துவிடுகிறேன்" என்கிறவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

12 நிமிடத்தில் என்ன பேசுவது? அழுதே நேரம் போய்விடுகிறது.

போகட்டும். முதல் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் போகும். எங்களுக்கு நான்காவது அழைப்பில்தான் பேச்சே வந்தது.

அப்புறம் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஜன்னல் கம்பியில் குத்தி வைப்பேன். முதலில் அவன் உடம்பு: தூங்குகிறானா, மருந்து கிடைக்கிறதா, தோலில் சொறி சிரங்கு உண்டா. அடுத்து வாய்தா தேதி, வக்கீல் சொன்னது ஒரே வரி. மூன்றாவது, அடுத்த மனுவுக்கு என்ன வேண்டும், சட்டையா, சோப்பா. இந்த மூன்றும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச எட்டு நிமிடமும் அம்மாவுக்கு. மாடு கன்று போட்டது, புளியமரத்தில் இந்த வருஷம் காய் கம்மி, பெரியம்மா மகளுக்கு வரன் வந்திருக்கிறது. அவன் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பான். "கன்று என்ன நிறம், நெற்றியில் சுட்டி இருக்கா?" என்று கேட்டு இரண்டு நிமிடம் அதையே பேசியிருக்கிறான். நேரத்தை வீணாக்குகிறான் என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே நாலு சுவருக்குள் இருப்பவனுக்கு அந்தக் கன்றுக்குட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் புரிந்தது.

கடன்காரன் வந்து கத்தினதை, சொந்தக்காரர்கள் பேசினதை எல்லாம் போனில் கொட்டாதீர்கள். அவரால் அங்கேயிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். நிலத்தை அடகு வைத்ததை நான் மறைத்தேன். வேறு யாரோ மனுவுக்கு வந்தவர் மூலம் அவனுக்குத் தெரிந்துபோய், ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பெரிய விஷயம் என்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போதே "சரி, சாப்பிடு, பார்த்துக்கோ" என்று முடித்துவிடுங்கள். பாதி வாக்கியத்தில் லைன் கட்டானால் இரண்டு பக்கமும் மூன்று நாள் தவிப்பு.

நாம் பேசுவதைக் கேட்பார்களா? வழக்கைப் பற்றிப் பேசலாமா?

கேட்பார்கள், பதிவும் ஆகலாம் என்று நினைத்தே பேசுங்கள். வாய்தா தேதி சொல்வதில் தவறில்லை. "அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்", "அந்தச் சாட்சியைப் போய்ப் பார்த்தேன்" போன்ற பேச்சு கூடவே கூடாது. சாட்சியைப் பற்றி விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை ஜாமீனையே கெடுத்துவிடும். வழக்கு விஷயம் வக்கீல் நேரில் பார்த்துப் பேசட்டும்.

இன்னொன்று. கூட்டாளி பேசணும் என்கிறான் என்று கான்பரன்ஸ் போடுவது, போனை வேறு ஆளிடம் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். ஒப்புதல் வாங்கிய ஆள் மட்டும் பேச வேண்டும். மாட்டினால் வசதியே போய்விடும், மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் தெலுங்கில்தான் பேசுவோம். தமிழில் பேசச் சொல்வார்களா?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக இருப்பவர்கள் நிறைய. என்ன பேசுகிறோம் என்று அதிகாரிக்குப் புரிய வேண்டும் என்பதால் கேள்வி வரலாம். நம்பர் கொடுக்கும்போதே அவரை விண்ணப்பத்தில் "என் தாய்க்குத் தமிழ் பேச வராது, தெலுங்கு மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். முதல் அழைப்பிலேயே திகைத்து நிற்பதை இது தவிர்க்கும்.

வீடியோவில் பார்க்க முடியுமா?

முடியும். 2020-ல் கொரோனாவுக்காக மனு பார்ப்பதை நிறுத்தியபோது சிறைகளில் வீடியோ அழைப்பு பரவலானது, அப்புறம் நிலைத்துவிட்டது. மேலே சொன்ன 2023 ஏற்பாட்டில் உள்ளேயிருந்து வரும் வீடியோ அழைப்பும் உண்டு.

அது தவிர, ஈ-பிரிசன்ஸ் என்ற தேசியத் தளத்தில் ஈ-முலாகாத் என்று ஒரு பகுதி இருக்கிறது. முலாகாத் என்றால் சந்திப்பு. நேரில் பார்ப்பதற்கும் வீடியோவில் பார்ப்பதற்கும் அதில் முன்பதிவு கேட்கலாம். உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை, மொபைல், ஈ-மெயில், கைதியின் பெயர், அவர் அப்பா பெயர், மாநிலம், சிறை என்று நிரப்ப வேண்டும். ஓடிபி வரும். சிறையில் ஒப்புக்கொண்டால்தான் சந்திப்பு உறுதி. பதிவு எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். கைதியின் பெயரைச் சிறைப் பதிவேட்டில் உள்ள மாதிரியே எழுதுங்கள். ஊரில் கூப்பிடும் பெயரை எழுதினால் ஆள் கிடைக்கமாட்டார். பிரவுசிங் சென்டரில் போட்டால் ஈ-மெயிலும் ஓடிபியும் உங்களுடையதாக இருக்கட்டும், கடைக்காரருடையதைப் போட்டுவிட்டால் தகவல் அவருக்குத்தான் போகும்.

போன் வருகிறதே, மனு பார்க்கப் போகத்தான் வேண்டுமா?

தர்மபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்காரருக்கு 110-க்கு மேல். ஓசூர், தளியிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி, பஸ் செலவு இரண்டும் போகும். அடிக்கடி போகச் சொல்லமாட்டேன். ஆனால் போனில் "நல்லா இருக்கேன்" என்பவன் முகத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். என் தம்பி இளைத்துப்போனது குரலில் தெரியவே இல்லை.

விடியற்காலையில் கிளம்புங்கள். தொப்பூர் கணவாயில் லாரி மாட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. சிறை அஸ்தம்பட்டியில், புது பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். அன்றைக்கு மனு உண்டா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். விசாரணைக் கைதிக்கு ஒரு கணக்கு, தண்டனைக் கைதிக்கு ஒரு கணக்கு. விடுமுறை நாளில் போய்த் திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஆதார் ஒரிஜினல் கட்டாயம்.

பரப்பன அக்ரஹாராவில் இருக்கிறார். ஆந்திராவில் இருக்கிறார். அங்கே எப்படி?

பெங்களூரு வேலைக்குப் போகிற நம் ஆட்கள் அதிகம், ஓசூர்க்காரருக்குப் பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறை சேலத்தைவிடப் பக்கம். செம்மரம் வெட்டப் போனதாகச் சித்தேரி மலைப்பக்கத்து ஆட்கள் பிடிபட்டு ஆந்திரச் சிறைகளில் இருப்பது இங்கே வருஷக்கணக்கான வேதனை. புரோக்கர் பேச்சைக் கேட்டுப் போனவர்கள், வீட்டுக்குத் தகவலே வராமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

ஈ-முலாகாத் வெளி மாநிலத்துக்கும் பொருந்தும் என்பதால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். போன் விதி அந்தந்த மாநிலத்துடையது. 15100 நாடு முழுக்க ஒரே எண்தான். இங்குள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே எழுதிக் கொடுத்து, கைதி இருக்கும் மாவட்டத்து ஆணைக்குழுவுக்கு அனுப்பக் கேளுங்கள். அங்கே ஒரு சட்ட உதவி வக்கீல் அமைந்துவிட்டால், உங்கள் நம்பரைக் கைதியிடம் சேர்ப்பது அவருக்கு ஒரு சந்திப்பு வேலை.

கடிதமும் போடுங்கள். உள்ளே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அதனாலென்ன. பாஷை தெரியாத சிறையில் இருப்பவருக்குத் தமிழில் ஒரு இன்லேண்ட் லெட்டர் பத்து தடவை படிக்கக் கிடைக்கும். அதில் உங்கள் போன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள்.

வளைகுடா நாட்டுச் சிறையில் மகன்.

வெளியுறவுத் துறையின் "மதத்" (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள், பாஸ்போர்ட் எண் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அயலகத் தமிழர் நலத் துறைக்கு அனுப்புவார்கள். தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமை கைதானவருக்கு வியன்னா ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வீட்டில் ஒரு சாவு. மூன்று நாள் காத்திருந்து போனில்தான் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். சிறை அலுவலகத்துக்குப் போன் செய்து நல அலுவலரிடமோ ஜெயிலரிடமோ சொல்லி, உள்ளே தெரிவிக்கக் கேளுங்கள். முடிந்தால் ஒருவர் நேரில் போவது நல்லது. தண்டனைக் கைதி என்றால் 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் நெருங்கிய உறவினர் இறப்புக்கு அவசர விடுப்பு கேட்க வழி உண்டு. விசாரணைக் கைதி என்றால் வக்கீல் உடனே கோர்ட்டில் இடைக்கால ஜாமீனோ, வழிக்காவலோடு வந்து பார்க்க அனுமதியோ கேட்க வேண்டும். வி.ஏ.ஓ. சான்றோ ஆஸ்பத்திரிச் சீட்டோ கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். உடலை எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பதையும் கோர்ட்டு மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே ஒருத்தரிடம் செல்போன் இருக்கிறதாம், காசு கொடுத்தால் தினமும் பேசலாமாம்.

அந்தப் பக்கமே போகாதீர்கள். சிறைக்குள் செல்போன் தடை செய்யப்பட்ட பொருள். பிடிபட்டால் அவர் மேல் இன்னொரு வழக்கு, உங்கள் எண்ணும் அந்த போனில் இருக்கும். முறையாக வரும் பத்து அழைப்பும் நின்றுபோகும்.

"உங்கள் மகனை விட ஐம்பதாயிரம் அனுப்புங்கள்" என்று போன் வந்தது.

அனுப்பாதீர்கள். கைதான செய்தி வெளியே தெரிந்ததும் இப்படிப்பட்டவர்கள் வந்துவிடுகிறார்கள். போலீஸ், வக்கீல் குமாஸ்தா, ஜெயில் ஆபீஸ் என்று எதையாவது சொல்வார்கள். எந்தக் கோர்ட்டும் ஜாமீன் தொகையை கூகுள் பேயில் வாங்காது. அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும். எங்களுக்கும் ஒரு ஆள் போன் செய்தான். தம்பி பெயர், வழக்குப் பிரிவு எல்லாம் சரியாகச் சொன்னான். "அவன் அம்மா வளர்க்கிற மாட்டின் பெயரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன், வைத்துவிட்டான்.

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. புகார் எங்கே?

சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ரிமாண்டை நீட்டிக்க நீதிபதி முன் வீடியோவில் நிறுத்தும்போது கைதியே "வீட்டுக்குப் போன் பேச விடவில்லை" என்று வாய்திறந்து சொல்லலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல்கள் சிறைக்குப் போய் வருகிறவர்கள், அவர்களிடமும் சொல்லலாம். முதல்வருக்குப் புகார் சொல்லும் உதவி எண் 1100. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் பலர் போகிறார்கள், மனு துறைக்கு அனுப்பப்படும், ஆனால் நாளாகும்.

புகார் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கைதி தன் குடும்பத்தாரையும் வக்கீலையும் சந்திப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

சின்னக் குழந்தையிடம் போனைக் கொடுக்கலாமா?

கொடுங்கள். "அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறோமே என்பார்கள். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஊரே சொல்லிவிடும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்வதுதான் நல்லது. பிள்ளையிடம் "என்ன பேசணும்" என்று கேட்காதீர்கள், வாயடைத்துப் போகும். வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள், பாட்டு பாடச் சொல்லுங்கள். கேட்கிறவருக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

பெண் கைதிக்கும் இதே வசதியா? 18 வயது ஆகாத பையன் என்றால்?

பெண்களுக்கும் அதே கணக்குதான். ஆனால் வேலூர் பெண்கள் தனிச்சிறை மாதிரித் தூரமாக அனுப்பிவிட்டால் மனு பார்ப்பது குறைந்துபோகிறது, போன் மட்டுமே கதியாகிறது. பெண் உள்ளே போனால் அவள் கணவன் வீட்டார் போனை எடுக்காமல் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய அம்மா வீட்டு எண்ணையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

18 ஆகாதவரைச் சிறைக்கே அனுப்பக் கூடாது, கூர்நோக்கு இல்லம்தான். வயதுக்கான பள்ளிச் சான்றிதழை உடனே வக்கீலிடம் கொடுங்கள்.

ஜாமீன் கிடைத்துவிட்டது. வெளியே வருவதைப் போனில் சொல்வாரா?

சொல்ல வாய்ப்பு குறைவு. அவருக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். ஜாமீன் உத்தரவின் நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஜாமீன்தாரர் பத்திரம் ஏற்கப்பட்டு, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். வக்கீலிடம் கேட்டுக்கொண்டு மதியத்துக்கு மேல் வாசலில் இருங்கள். மாற்றுத் துணி, செருப்பு, சாப்பிட ஏதாவது, பஸ்ஸுக்குச் சில்லறை கொண்டுபோங்கள்.

என் தம்பி இரவு ஏழரைக்கு வந்தான், ஒரு துணிப்பை, கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய கடிதக் கட்டு. என்னிடம் எதுவும் பேசவில்லை. போனைக் கொடு என்று கை நீட்டினான். பெயரைத் தேடித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பத்து இலக்கத்தையும் தானே அழுத்தினான்.